அப்பாவின் கிட்டாருக்குத் தொப்பை போட்டிருக்கிறதா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருந்தபோது அப்பா வாங்கிய எஃகுக் கம்பி கிட்டார், முப்பது வருடம் ஆகிறது. ஜோஹன்னஸ்பர்க் வந்தபோது கையோடு கொண்டுவந்தேன். பிரிட்ஜுக்கு (கம்பிகளின் முனையைப் பிடித்து மேல்பலகையில் ஒட்டியிருக்கும் மரத்துண்டு) பின்னால் பலகை புடைத்திருக்கிறது, முன்னால் லேசாகப் பள்ளம். மழைக்காலத்தில் கம்பி உயர்ந்து விரல் வலிக்கிறது, குளிர்காலத்தில் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பட்டு இரைகிறது. ஈரத்துணி போட்டுக் கனமாக எதையாவது ஏற்றி வைத்தால் அமுங்கிவிடும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?
- லெனேசியா வாசகர்

பதில்: வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரம் உள்ளே இருக்கும் சட்டங்களின் பசையை இளக்கிவிடும், பலகையும் அமுங்காது. அமுங்கினாலும் கம்பி கட்டியதும் பழையபடி எழும்பும்.

அந்தப் பலகையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஆறு எஃகுக் கம்பிகளையும் சுருதி சேர்த்ததும் அதன்மேல் விழும் இழுவை 70 கிலோவுக்கு மேல், அதாவது ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் தொங்குகிற மாதிரி. கம்பிகள் பலகைக்குச் சற்று மேலே நின்று இழுப்பதால் பிரிட்ஜ் முன்பக்கம் சாயப் பார்க்கும், அதனால் அதன் பின்னால் பலகை எழும்புகிறது, முன்னால் இறங்குகிறது. புத்தக அலமாரியில் நடுப்பலகை தொய்ந்துபோனால் புத்தகத்தை எடுத்த பிறகும் நிமிராது இல்லையா, அதேதான் இங்கும் நடந்திருக்கிறது. இன்னொன்று, எஃகுக் கம்பி கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு மேல்பலகையைச் செய்யும்போதே லேசாக வளைத்துத்தான் ஒட்டுகிறார்கள். அதனால் கொஞ்சம் புடைப்பு இருந்தால் பயப்படாதீர்கள். தட்டையாகவோ குழிந்தோ இருக்கிற பலகையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை, அது காய்ந்துபோனதற்கு அடையாளம்.

உங்கள் தொல்லையில் பாதி ஊர் மாறியதால் வந்தது. மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, அகலவாக்கில்தான் விரியும். ஓரமெல்லாம் ஒட்டியிருப்பதால் பலகைக்கு நகர இடமில்லை, மேலேதான் எழும்பும், கம்பியும் கூடவே உயரும். காய்ந்தால் எல்லாம் தலைகீழ். டர்பன் கடற்காற்றில் இருந்த மரத்தைக் கடல் மட்டத்துக்கு 1,750 மீட்டர் மேலே, மழையே இல்லாத குளிர்காலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள், அறையில் ஹீட்டர் வேறு ஓடும். முதலில் ஒரு ஈரப்பத மானி வாங்குங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். குளிர்காலத்தில் கிட்டாரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், துளை போட்ட சோப்பு டப்பாவில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சு ஒன்றையும் கூட வையுங்கள். தண்ணீர் சொட்டவே கூடாது.

அப்புறம் நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்து பிரிட்ஜின் பின் விளிம்பில் அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் நல்லது. நுழைந்தால் பசை விட்டிருக்கிறது, அன்றே கம்பிகளைத் தளர்த்திவிட்டு நல்ல ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். பிறகு விரல் முட்டியால் பலகையை அங்கங்கே தட்டுங்கள், எங்காவது கடகடவென்று உதறினால் அங்கே உள்சட்டம் விட்டிருக்கலாம், போன் வெளிச்சமும் சின்னக் கண்ணாடியும் இருந்தால் துளை வழியாகப் பார்த்துவிடலாம். கடைசியாக, கம்பி சுருதியில் இருக்கும்போதே நேரான நீளமான ஸ்கேல் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை ஒட்டி வந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது. மரத்தின் முன்பக்கத்தில் கீழே போய் இடித்தால் கழுத்து முன்னால் வந்துவிட்டது.

கழுத்து முன்னால் வந்திருந்தாலும் சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டை) இன்னும் உயரமாக இருந்தால் அதைக் கொஞ்சம் தேய்த்துச் சமாளிக்கலாம். தேய்க்க இடமில்லை என்றால் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி பொருத்த வேண்டும். செலவு அதிகம்தான், ஆனால் அப்பாவின் கிட்டார் என்றால் நான் யோசிக்காமல் செய்வேன். இப்போதைக்கு 12 என்ற கன அளவுள்ள கம்பி செட் (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) போட்டிருந்தால் இன்னும் மெல்லிய 11 செட்டுக்கு இறங்குங்கள், பலகைக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை டர்பனிலிருந்து வரும் வழியில் சாப்பிட இறங்கியவன் டிக்கியில் என் கிட்டாரை விட்டுவிட்டேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் பிரிட்ஜின் பின்பக்கம் நகக்கண் அளவுக்குத் தூக்கியிருந்தது. இருபது வருடமாக அசையாமல் இருந்த கிட்டார் அது.

கேள்வி: நைலான் கம்பி கிட்டாருக்கு எஃகுக் கம்பி போடலாமா?
- பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: கூடாது. நைலான் கம்பிகளின் மொத்த இழுவை சுமார் 40 கிலோ, உள்சட்டங்களையும் அதற்கேற்ற மாதிரி மெல்லியதாகத்தான் வைத்திருப்பார்கள். எஃகைக் கட்டினால் பலகை வேகமாகப் புடைக்கும், பிரிட்ஜ் பெயர்ந்தே வந்துவிடலாம்.

கேள்வி: வாசித்து முடித்ததும் தினமும் கம்பியைத் தளர்த்த வேண்டுமா?
- ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: தேவையில்லை. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை, அல்லது விமானத்தில் அனுப்புகிறீர்கள் என்றால் மட்டும் ஒன்றிரண்டு சுரம் இறக்கி வையுங்கள்.