டவர் மாஸ்ட்டும் மாஸ்ட் செல்லும்

வணக்கம் சார்,

செல்போன் டவர்களில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு டவரில் மலைத்தேனீ கலைந்து, என்னோடு வேலை செய்யும் அண்ணனை நாலைந்து இடத்தில் கொட்டிவிட்டது. கீழே இறக்குவதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம். ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். டாக்டர் ‘மாஸ்ட் செல்’ என்று ஏதோ சொன்னார். நாங்கள் ஏறுவதும் மாஸ்ட்தான். டவரால் வந்த வியாதியோ, குழந்தைகளுக்கும் பரவுமோ என்று அவர் வீட்டில் பயப்படுகிறார்கள். டிரான்ஸ்மிஷன் என்று எங்கள் வேலையிலும் சொல்கிறோம், நோய்க்கும் சொல்கிறார்கள். கொஞ்சம் விளக்குங்கள்.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் வீட்டாரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அது தொற்றாது. டவரின் ரேடியோ அலையால் வந்ததும் அல்ல. தேனீ விஷத்துக்கு அவர் உடம்பு காட்டிய கடுமையான ஒவ்வாமை அது.

பெயர் ஒத்துப்போவது தற்செயல். 1878-இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதிய பால் எர்லிக் என்ற மருத்துவர், திசுக்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கையில், குருணை குருணையாக நிறைந்த சில செல்களைக் கண்டார். தின்று கொழுத்த செல்கள் என்று எண்ணி, கால்நடைகளைக் கொழுக்க வைப்பதற்கான ‘மாஸ்ட்’ என்ற ஜெர்மன் சொல்லைப் பெயராக வைத்தார். உங்கள் கம்பத்தோடு உறவே இல்லை.

அந்தக் குருணைகள் தீனியும் அல்ல. ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் அவற்றில் தயாராக இருக்கின்றன. அண்ணனை முன்பு எப்போதோ தேனீ கொட்டியிருக்கும். அப்போதே அவர் உடம்பு அந்த விஷத்துக்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, மாஸ்ட் செல்களின் மேல் பொருத்திவிட்டது. இந்த முறை விஷம் அதில் வந்து சிக்கியதும் செல்கள் குருணைகளைக் கொட்டிவிட்டன. ரத்தக்குழாய்கள் விரிந்து கசிந்ததால் தடிப்பு. மூச்சுக்குழாய் சுருங்கியதால் திணறல். ரத்த அழுத்தம் விழுந்ததால் மயக்கம்.

பரவுமா என்ற கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. அதைத் தன் உடம்பிலேயே சோதித்தவர் இருக்கிறார். ஹைன்ஸ் கியூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. சக ஆய்வாளர் கார்ல் பிராவுஸ்நிட்ஸுக்கு மீனால் தொல்லை இல்லை. கியூஸ்ட்னரின் ரத்த சீரத்தைத் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்ட பிராவுஸ்நிட்ஸ், மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தினார். அந்த இடம் தடித்துச் சிவந்தது. 1921-இல் இதை வெளியிட்டார்கள். அந்த சீரத்தில் இருந்தது ஐஜிஇதான் என்பது 1966-க்குப் பிறகுதான் தெளிவானது, ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதியின் ஆய்வால். எத்தனை துணிச்சல் இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். அப்படி ஊசியில் ஏற்றினால்தான் ஒவ்வாமை இன்னொருவர் தோலுக்குப் போகும், அதுவும் கொஞ்ச நாளைக்கு. தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ போகாது. உங்கள் வேலையில் கடத்தப்படுவது சிக்னல், தொற்றுநோயில் கடப்பது கிருமி. இங்கே கடக்கக் கிருமியே கிடையாது.

சரி, எனக்குக் கவலை தருவது வேறு. அவரை மறுபடி தேனீ கொட்டினால் இதே மாதிரியோ, இன்னும் மோசமாகவோ ஆகலாம். அப்போது உயிர் காப்பது அட்ரினலின், அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் தாமதிக்காமல் போட வேண்டும். அவில் ஊசியும் செட்ரிசின் மாத்திரையும் அரிப்பைத்தான் அடக்கும், விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு வாங்கினால் மட்டும் உட்கார வைக்கலாம். கொடுக்கை எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள், நேரம் ஆக ஆக விஷம் இறங்கிக்கொண்டிருக்கும். தேறிவிட்டாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், அறிகுறி திரும்பி வருவதுண்டு.

ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துப் போங்கள். விஷத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, அவருக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். மேலே ஏறலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அதுவரை அண்ணனுக்குத் தரையில் வேலை கொடுக்கும்படி உங்கள் ஒப்பந்ததாரரிடம் பேசுங்கள். தேன்கூடு இருக்கும் டவரில், கூட்டை அகற்றும் முன் நீங்களும் ஏறாதீர்கள்.