எடிசனும் யானையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

‘பாப்ஸ் பர்கர்ஸ்’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரில் ‘டாப்ஸி’ என்னும் அத்தியாயத்தை மகளுடன் பார்த்தேன். எடிசன் ஒரு யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார் என்று அதில் வருகிறது. ஒரு மேதையை இப்படிக் கேலிப்பொருளாக்குவது முறைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேலியில் எனக்கு மறுப்பில்லை. 2013இல் வெளிவந்த அந்த அத்தியாயத்தில், எடிசனை வழிபடும் அறிவியல் ஆசிரியரைச் சீண்டுவதற்காகவே லூயிஸ் என்ற சிறுமி யானையின் கதையைக் கையிலெடுக்கிறாள். பாடநூல்கள் எழுப்பிய பிம்பத்துக்கு அந்தச் சீண்டல் தேவைதான். குற்றம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

டாப்ஸி என்ற அந்த யானை கொல்லப்பட்டது 1903 ஜனவரி 4 அன்று, நியூயார்க்கின் கோனி தீவில். அங்கே லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், அடங்காத யானை என்று சொல்லி அதைத் தூக்கிலிடவே முதலில் திட்டமிட்டார்கள். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் எதிர்த்ததால், சயனைடு கலந்த கேரட், 6,600 வோல்ட் மின்சாரம், கழுத்தை இறுக்கும் கயிறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். தன்னுடைய நேர்திசை மின்சாரத்துக்குப் போட்டியாக வந்த மாறுதிசை மின்சாரம் (திசை மாறி மாறிப் பாய்வது) ஆபத்தானது என்று காட்டவே எடிசன் யானையைக் கொன்றார் என்பார்கள். ஆனால் அதற்கு எதிராக அவர் நடத்திய வணிகப் போர் பத்தாண்டுகளுக்கு முன்பே ஓய்ந்திருந்தது. 1892இல் அவருடைய நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோதே அத்தொழிலில் அவர் பிடி தளர்ந்துவிட்டது. யானைக்கு மின்சாரம் தந்த புரூக்ளின் நிறுவனத்தில் எடிசனின் பெயர் இருந்தது, எடிசன் இல்லை. அவருடைய திரைப்பட நிறுவனம் அந்தச் சாவைப் படம்பிடித்தது உண்மை. பழி ஒட்டிக்கொண்டது அந்தப் படத்தின் வழியாகத்தான்.

இதை வைத்து அவரை விடுவித்துவிடவும் முடியாது. 1888இல் ஹெரால்ட் பிரவுன் என்பவர், போட்டியாளரான வெஸ்டிங்ஹவுஸின் மாறுதிசை மின்சாரம் உயிர்க்கொல்லி என்று நிறுவுவதற்காகக் கன்றுகளையும் ஒரு குதிரையையும் கொன்று காட்டியது, வெஸ்ட் ஆரஞ்சிலிருந்த எடிசனின் ஆய்வகத்தில். மரண தண்டனைக்கு வெஸ்டிங்ஹவுஸ் இயந்திரங்களே பொருத்தமானவை என்று பரிந்துரைத்தவரும் எடிசனே. 1890இல் அப்படியொரு இயந்திரத்தின் மின்சாரத்தில், முதல் பாய்ச்சலில் உயிர் பிரியாமல், இரண்டாம் முறையும் பாய்ச்சப்பட்டு வில்லியம் கெம்லர் என்ற கைதி இறந்தார். எடிசனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பும் நகைச்சுவைக்கு இவ்வளவு ஆதாரம் காத்திருக்கையில், அத்தொடர் யானையைத் தேடிப் போனதில் எனக்கு வியப்பில்லை: அந்தக் கன்றுகளுக்குப் பெயருமில்லை, படச்சுருளுமில்லை.