பூட்டை இழுத்துப் பார்த்த கை

கேள்வி: அப்பாவின் கடைசி 40 நாட்களைப் பற்றி 14 பக்கம் எழுதினேன். எதையும் விடவில்லை. படித்த தோழி, "டைரி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். இதை எப்படிக் கட்டுரையாக்குவது?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய 14 பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். தோழி சொன்னது சரிதான். ஆனால் கட்டுரை அதற்குள்ளேயே கிடக்கிறது.

9ஆம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: அப்பா தினமும் படுக்கப் போகுமுன் வாசல் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். 12ஆம் பக்கத்தில், நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார் என்கிறீர்கள். இரண்டும் ஒரே கை என்று எழுதும்போது கவனித்தீர்களா? எனக்கு அங்கே தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தக் கம்பியிலிருந்து தொடங்குங்கள். ஏன் இழுக்கிறார் என்று சொல்ல வேண்டாம். அப்புறம் ஒரு வரி இடம் விட்டு, பல வருடம் பின்னால் போய்ப் பூட்டைக் காட்டுங்கள். அது கதவில் இடிக்கிற சத்தம், படுக்கையில் கிடந்தபடி நீங்கள் அதை எண்ணியது. வாசகர் இரண்டையும் தானே சேர்த்துக்கொள்வார். 'வீட்டைக் காத்த கை' என்று விளக்கினீர்களோ, அந்த இடம் செத்துவிடும். இப்படிச் சொல்லாமல் உணர்த்துவதை நம் இலக்கணம் உள்ளுறை என்கிறது. தேதி வரிசை, மாத்திரைப் பெயர்கள், யார் யார் பார்க்க வந்தார்கள் என்பதெல்லாம் போகட்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். என் அண்ணன் வீட்டைவிட்டுப் போன நாளைப் பற்றி நான் எழுதியபோது பத்திக்குப் பத்தி மழையைக் கொண்டுவந்தேன். படித்துவிட்டு அண்ணன், "அன்னைக்கு மழையே பெய்யலையேடா" என்றார். அன்று உண்மையில் இருந்தது, வார் அறுந்து வாசலிலேயே கிடந்த அவருடைய ஒற்றைச் செருப்பு. மழையை மொத்தமாக எடுத்துவிட்டு அந்தச் செருப்பை வைத்தேன். கட்டுரை எழுந்து நின்றது. கம்பியை அப்பா எத்தனை தடவை இழுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பூட்டோடு பொருந்துகிறதே என்று அங்கேயும் 'மூன்று' போட்டுவிடாதீர்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதலாம்.

அப்பா போன பிறகு இரவில் வீட்டை யார் பூட்டுகிறார்கள்? 14 பக்கத்தில் அது இல்லை. அதை எழுதி அனுப்புங்கள்.