ஈசிஇ மூணாம் வருஷம், ஒரு அரியர்: கேட் தேர்வா, பிளேஸ்மென்டா?

தம்பி, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்துல அரியர் (பெயிலாகி திரும்ப எழுத வேண்டிய தேர்வு) நிக்குது, இந்த நிலைமையில எம்.டெக் சேர எழுதற கேட் நுழைவுத் தேர்வை எழுதறதா, பிளேஸ்மென்டுக்கு, அதாவது காலேஜ் வழியா வேலைக்குத் தயாராகறதான்னு கேட்டிருக்கீங்க. எதுக்குப் போனாலும் முதல்ல அரியரை முடிங்க. நிலுவையில அரியர் இருந்தா நிறைய கம்பெனிங்க முதல் சுற்றுக்கே கூப்பிடறதில்ல, சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) நல்லா இருந்தாலும்.

உங்க நல்ல நேரம், கேட் தேர்வோட எலக்ட்ரானிக்ஸ் (ஈசி) தாள்லயும் அதே பாடம் முக்கியமான பகுதி. ரெண்டுக்கும் தனித்தனியா படிக்காதீங்க. பழைய கேட் வினாத்தாளை வச்சே அரியருக்குப் படிங்க. கன்வல்யூஷன்லதான், அதாவது ரெண்டு சிக்னலைச் சேர்த்து மூணாவது சிக்னல் கண்டுபிடிக்கற கணக்குலதான், பாதிப் பேர் கோட்டை விடறாங்க. ஃபார்முலா தெரியும், ஆனா நேரா இன்டகிரல் போட்டுடுவாங்க, லிமிட் தப்பாயிடும். ரெண்டு சிக்னலையும் வரைஞ்சு, ஒண்ணைத் திருப்பிப் போட்டு மெல்ல நகர்த்திப் பாருங்க. லிமிட் எங்க மாறுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

மூணாம் வருஷத்துலயே கேட் எழுதலாம், ஸ்கோர் 3 வருஷம் செல்லும். 100 மார்க்குல 15 பொது ஆப்டிட்யூட். பிளேஸ்மென்டுக்குப் படிக்கறதுல பாதி அங்கேயும் உதவும்.

கோச்சிங்குக்கு வட்டிக்கு வாங்கணும்னு எழுதியிருக்கீங்களே, அது மட்டும் வேண்டாம். ஐஐடி பேராசிரியருங்க பாடம் எடுக்கற என்பிடெல் வீடியோ இலவசம்தான். வீட்டுல ஏற்கெனவே கடன் இருக்குன்னா வேலை கிடைச்சதும் சேர்ந்துடுங்க, கேட் தேர்வை வேலையில இருந்துக்கிட்டே எழுதறவங்க நிறைய பேர்.

அரியருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியாச்சா? இல்லைன்னா நாளைக்கே ஆபீஸ்ல கடைசித் தேதி விசாரிங்க.