ஐ.சி.யு.வில் ஆன்டிபயாடிக் டோஸை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

கேள்வி இது: அப்பா செப்சிஸோடு (கிருமித் தொற்றால் உடம்பு முழுக்கப் பாதிக்கப்படும் நிலை) ஐ.சி.யு.வில் இருக்கிறார். மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கை முதல் நாள் முழு டோஸ் போட்டார்கள், பிறகு குறைத்தார்கள், இப்போது திரும்பவும் கூட்டியிருக்கிறார்கள். டாக்டருக்கே நிச்சயம் இல்லையா?

நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு. ஸ்டாஃப் நர்ஸ். டோஸை எழுதுவது டாக்டர், ஏற்றுவது நாங்கள். டோஸ் மாறுகிறதே என்று பயப்படாதீர்கள். உடம்பு தினம் மாறிக்கொண்டிருக்கும்போது டோஸை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றால்தான் எனக்குக் கவலை வரும்.

செப்சிஸ் வந்தால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், பிரஷர் இறங்கும். அதைத் தூக்க சலைன் லிட்டர் கணக்கில் ஏற்றுவோம். அதில் பெரும்பகுதி ரத்தத்தில் தங்காது, சதையில் போய்த் தேங்கும். விரல் வீங்கி, மோதிரத்தை நூல் சுற்றித்தான் கழற்ற வேண்டியிருக்கும். மெரோபெனம், பிப்பராசிலின், வான்கோமைசின், அமிக்காசின் எல்லாம் தண்ணீரோடு போகிற மருந்துகள். அந்தத் தேங்கிய நீரிலும் பரவிவிடுவதால் ரத்தத்தில் அளவு குறைந்துபோகும்.

சம்பா நடவு சமயத்தில், சர்க்கரை நோயில் கால் புண் புரையோடி ஒரு பெரியவர் வந்தார். கிட்னி வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. மகன் ஒரத்தநாடு பக்கம் விவசாயம். "கிட்னி கெட்டுப்போச்சுங்கறீங்க, அப்புறம் எதுக்கு சிஸ்டர் முழு டோஸு?" என்றார். "வயல்ல தண்ணி ஏறி நிக்கிறப்ப களைக்கொல்லியக் குறைச்சுப் போட்டா என்னண்ணே ஆகும்?" என்று கேட்டேன். "களை சாவாது." "அதாண்ணே. மொத டோஸு நிக்கிற தண்ணிக்கு. அடுத்தடுத்த டோஸுதான் வடிகாலுக்கு."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கிட்னி கெட்டிருக்கிறது என்று முதல் டோஸையே குறைத்தால், கிருமி வலுவாக இருக்கும் நேரத்தில் மருந்து எட்டாமல் போகும். அடுத்த டோஸ்களில் குறைக்காமல் விட்டால் மருந்து சேர்ந்துகொண்டே போகும். செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ஆள் குழம்பிப் பேசுவார், கைகால் உதறும், வலிப்புகூட வரும். வீட்டுக்காரர்கள் அதைக் காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்துவிடுவார்கள்.

நேர்மாறும் உண்டு. பைக் விபத்தில் அடிபட்டு வரும் இளவயதுப் பையன்களுக்கு யூரின் பை சீக்கிரம் நிறையும், கிரியேட்டினின் 0.5 இருக்கும். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கிட்னி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. கிரியேட்டினின் கிளியரன்ஸ், அதாவது கிட்னி ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம், நிமிடத்துக்கு 130 மில்லிக்கு மேல் போனால், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் மெரோபெனம் அடுத்த டோஸுக்கு முன்பே கரைந்து வெளியேறிவிடலாம். உங்கள் அப்பாவுக்கு நடுவில் கிட்னி தளர்ந்து பிறகு தேறியிருந்தால், குறைத்ததும் சரி, கூட்டியதும் சரி. டயாலிசிஸ் நடந்திருந்தால் அதுவும் மருந்தை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினைக் கிட்னிக்காகக் குறைப்பதில்லை.

இன்னொன்று, மருந்தை ஏற்றும் வேகம். அமிக்காசினுக்கு உச்ச அளவு முக்கியம், அதனால் நாளுக்கு ஒரே பெரிய டோஸ். மெரோபெனம், பிப்பராசிலின் வகைக்கு ரத்தத்தில் எவ்வளவு நேரம் போதிய அளவில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் முதல் டோஸை வேகமாகப் போட்டுவிட்டு, அடுத்தவற்றைப் பம்ப்பில் மூன்று நான்கு மணி நேரம் மெதுவாக ஓடவிடுவோம். பாட்டில் காலியானதும் வேலை முடியவில்லை. டியூபுக்குள் 15, 20 மில்லி நிற்கும். 100 மில்லி பாட்டிலில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மருந்து! சலைன் விட்டு அதைத் தள்ளாமல் டியூபைக் கழற்றிவிட்டால், டாக்டர் என்ன டோஸ் எழுதி என்ன பிரயோஜனம்? புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நாள் முழுக்க ஓடவிட்டால் இன்னும் நல்லதா என்று 2024இல் வெளியான பிளிங்-3 ஆய்வில், சுமார் 7,000 பேரிடம், மெரோபெனம், பிப்பராசிலின் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் தொடர்ந்து ஏற்றியதில் 24.9%, விட்டு விட்டுப் போட்டதில் 26.8%. உறுதியாகச் சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை. தவிர, கலக்கிய மெரோபெனம் சூட்டில் சீக்கிரம் வீரியம் இழக்கும். எங்கள் ஊர் கத்திரி வெயிலில் ஒரு நாள் மருந்தை மொத்தமாகக் கலந்து வைக்க நான் ஒப்ப மாட்டேன்.

ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் வெளியே வரும்போது, "இன்னைக்கு கிட்னி எப்படி இருக்கு, டோஸ் அதுக்காக மாத்துனதா, இல்ல கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததாலயா?" என்று கேளுங்கள். கல்ச்சர் என்பது ரத்தம், சளி போன்றவற்றிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. அதுதான் காரணம் என்றால், எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்துக்கு அது கட்டுப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.