அட்டையின் பின்பக்கம்: சத்து மாத்திரை வாங்குவோருக்குக் கேள்வி பதில்

அப்பாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் வைட்டமின் டி3 பவுடர் பாக்கெட் எழுதிக் கொடுத்தார். சீட்டு தொலைந்துவிட்டது. மெடிக்கலில் பெயரைச் சொல்லி வாங்கி, 12 நாளாகத் தினமும் பாலில் கலந்து கொடுக்கிறோம். இரண்டு நாளாக வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். பவுடரை நிறுத்தலாமா? (திருநகர்)

உடனே நிறுத்துங்கள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். காலி பாக்கெட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள்.

பாக்கெட்டில் 60,000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அலகு) என்று போட்டிருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 ஐ.யு. அப்படியானால் ஒரு பாக்கெட் நூறு நாள் கணக்கு. அதனால்தான் வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் 8 வாரம் என்று எழுதுவார்கள். அப்பாவுக்கு மூன்று வருஷத்துக்கு மேலான அளவு 12 நாளில் போயிருக்கிறது. வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது, உடம்புக் கொழுப்பில் தங்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். நீங்கள் சொல்லும் வாந்தி, மலச்சிக்கல், தாகம் மூன்றுமே கால்சியம் ஏறியதற்கான அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்ப்பார்கள். கால்சியம் மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால், டாக்டர் பார்க்கும்வரை அதையும் கொடுக்க வேண்டாம்.

மாமியாருக்கு 63 வயது. டாக்டர் தினம் 500 மி.கி. கால்சியம் எடுக்கச் சொன்னார். மெடிக்கலில் இரண்டு அட்டை காட்டினார்கள். ஒன்று கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., 15 மாத்திரை 90 ரூபாய். மற்றது கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி., 15 மாத்திரை 210 ரூபாய். விலை கூடியதுதான் நல்ல மருந்து என்கிறார் கடைக்காரர். மாமியார் காலையில் தைராய்டு மாத்திரையும் போடுகிறார். எதை வாங்குவது? (உசிலம்பட்டி)

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் பெரிதாக இருக்கும் எண் கார்பனேட், சிட்ரேட் என்ற கால்சிய உப்பின் மொத்த எடை. அதற்குள் இருக்கும் கால்சியம் எவ்வளவு என்பது பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். கார்பனேட்டில் நூற்றுக்கு 40 பங்கு கால்சியம், சிட்ரேட்டில் 21 பங்கு. ஆகவே 1250 மி.கி. கார்பனேட்டில் 500 மி.கி. கால்சியம் இருக்கிறது. 1000 மி.கி. சிட்ரேட்டில் 210 மி.கி.தான். டாக்டர் சொன்ன 500 மி.கி. கார்பனேட்டில் 6 ரூபாய்க்குக் கிடைக்கும். சிட்ரேட்டில் அதையே எட்ட 35 ரூபாய் ஆகும், தினம் இரண்டரை மாத்திரையும் விழுங்க வேண்டும்.

சிட்ரேட் வீண் என்று சொல்லவில்லை. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் சுரக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குத் தினம் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் எடுப்பவர்களுக்கும், கார்பனேட் போட்டால் வயிறு கட்டிக்கொள்பவர்களுக்கும் சிட்ரேட் பொருந்தும். மாமியாருக்கு இந்த இரண்டும் இல்லையென்றால் 90 ரூபாய் அட்டையே போதும். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் மட்டும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பலரும் தவறுவது நேரத்தில். தைராய்டு மாத்திரையும் கால்சியமும் வயிற்றில் சந்தித்தால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் ஏறாது. ரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) கூடிவிட்டது என்று டாக்டர் அளவை உயர்த்துவார், காரணம் இந்த மாத்திரையாக இருக்கும். நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். காலை 6 மணிக்குத் தைராய்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இரும்புச்சத்து மாத்திரையும் இருந்தால் அது கால்சியத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. 1000 மி.கி. தேவைப்பட்டாலும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. ஒரு தடவைக்கு 500-க்கு மேல் போனால் உடம்பு வாங்கும் பங்கு குறையும்.

சாப்பாட்டையும் கணக்கில் சேருங்கள். இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. வேண்டும். 50 கிராம் கேப்பை மாவில் கிண்டிய களியில் சுமார் 170 மி.கி., 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் பாலில் சுமார் 480. காபியில் ஊற்றும் 50 மில்லி பாலில் 60 தேறினால் அதிகம், அதைப் போய் பால் குடித்த கணக்கில் சேர்க்காதீர்கள். கேப்பையை முளைகட்டி அரைத்தால் கால்சியத்தைச் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைந்து கால்சியம் கூடுதலாகச் சேரும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு முருங்கைக்கீரை மேல்.

ரேஷன் அரிசியைக் களைந்தால் சில மணிகள் மிதக்கின்றன, நிறமும் வேறாக இருக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். நெருப்பில் காட்டினால் கருகி ஒட்டுகிறது. (மேலூர்)

பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, மெஷினில் அரிசி வடிவத்தில் பிழிந்து எடுத்த மணிகள். செறிவூட்டும்போது 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கலப்பார்கள். அதனால் உங்கள் கிலோவில் 10 கிராம் இருக்கும். எடை குறைவு, அதனால் மிதக்கிறது. நெருப்புச் சோதனையால் ஒன்றும் தெரியாது. அரிசியே மாவுச்சத்துதான், எந்த அரிசியைக் காட்டினாலும் கருகும். மிதப்பதை மட்டும் பொறுக்கி வெந்நீரில் வேகவையுங்கள். குழைந்தால் அரிசி. பிளாஸ்டிக் குழையாது.

மிதக்கிறதே என்று அள்ளிக் கொட்டினால் கொட்டுவது அந்தச் சத்தைத்தான். ஐந்தாறு தடவை தேய்த்துக் கழுவ வேண்டாம், இரண்டு தடவை போதும். கஞ்சி வடிப்பவர்கள் அதை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடலாம். ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மி.கி. வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடும் பெண்ணுக்கு அதில் 8 முதல் 13 மி.கி. கிடைக்கும், தேவை 29. மீதிக்குக் கீரை, பயறு, மீன், ஈரல் வேண்டும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து, டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வீட்டில் தலசீமியா (உடம்பில் இரும்பு தேங்கக்கூடிய பரம்பரை ரத்த நோய்) உள்ளவர் இருந்தால் அவருக்கு இந்த அரிசியைக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் முருங்கை இலை கேப்ஸ்யூல், 500 மி.கி. வீதம் 60 எண்ணம், 699 ரூபாய்க்கு வாங்கினேன். சர்க்கரையை அடியோடு குணமாக்கும் என்று விளம்பரம். இரண்டு மாதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பணத்தைக் கேட்க முடியுமா? (அண்ணா நகர்)

60 கேப்ஸ்யூலில் மொத்தம் 30 கிராம் பொடி. பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காய வைத்தால் 30 கிராம் வர 150 கிராம் இலை போதும். 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை மதுரையில், உங்கள் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அங்கே அந்த 150 கிராமுக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் கேட்கலாம். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பாட்டிலின் பேட்ச் எண்ணும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் தெரியும் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். விளம்பரத்தை முதலில் படம் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் அதை எடுத்துவிடுவார்கள். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இதற்கிடையில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தால் டாக்டரைப் பார்த்து மீண்டும் தொடங்குங்கள்.

மாரடைப்பும் புற்றுநோயும் வராமல் இருக்க 40 வயதிலிருந்தே மல்டிவைட்டமின் போடலாமா? (வாடிப்பட்டி)

அதற்காக என்றால் வேண்டாம். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து, பாதிப் பேருக்குச் சுமார் ஐந்து ஆண்டு வைட்டமின் டி தினம் 2000 ஐ.யு. கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்போ புற்றுநோயோ குறையவில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கேரட் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் அந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

குறை இருப்பவருக்குக் கொடுப்பது வேறு கணக்கு. முட்டை, மீன், கறி எதுவும் தொடாதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாக எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். பாதத்தில் மதமதப்பு, எரிச்சல் இருந்தால் சர்க்கரையால் என்று முடிவுகட்டிவிடாமல் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள். பி12 மாத்திரை போடத் தொடங்கிய பிறகு சோதித்தால் அளவு கூடித்தான் காட்டும், அதனால் சோதனை முதலில்.