கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் மகள் பொருளியலில் பிஎச்டி செய்கிறாள். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா தோப்புகளில் கள் இறக்குபவர்களின் கூலி பற்றி மூன்று வருஷம் அலைந்து ஒரு கட்டுரை எழுதினாள். ‘எங்கள் வாசகர்களுக்கு இதில் ஆர்வம் இருக்காது’ என்று வெளிநாட்டு இதழ் ஒன்று இரண்டே வரியில் திருப்பிவிட்டது. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. குறை அவளிடமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள் அம்மா. இரண்டு வரியில் திரும்பியது என்றால் இதழாசிரியர் மேசையோடு நின்றிருக்கும், படித்துத் தரம் சொல்லும் வெளி மதிப்பீட்டாளர் கைக்கே போயிருக்காது.

இந்தத் துறையில் ஐந்து இதழ்களுக்குத்தான் மவுசு. அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ, எகனாமெட்ரிக்கா என்று போகும் அந்தப் பட்டியல். பெரிய பல்கலைக்கழகங்களில் வேலை நிரந்தரமாவதே அவற்றில் எத்தனை கட்டுரை வந்தது என்பதைப் பொறுத்துத்தான். அந்த ஐந்தில் ஒன்று ஹார்வர்டிலிருந்தும் இன்னொன்று சிகாகோவிலிருந்தும் நடத்தப்படுகிறது. இதை ‘கொடுங்கோன்மை’ என்று தலைப்பிலேயே திட்டி எழுதியவர் 2000-இல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன். அவரும் சிகாகோ பேராசிரியர்தான், அது வேறு விஷயம். 1970-களின் கடைசியில் வருஷத்துக்குச் சுமார் 400 கட்டுரை போட்ட இந்த ஐந்தும் 2012 வாக்கில் 300-க்கு இறங்கிவிட்டன, வந்து குவியும் கட்டுரைகளோ 1990-க்குப் பிறகு கிட்டத்தட்ட இரட்டிப்பாயின, ஆக நூற்றுக்கு 15 தேறிய இடத்தில் 6தான் தேறியது.

உங்களுக்குத் தெரியாததா? இளநீர்க் கதைதான் இதுவும்: தோப்பு நம் பக்கம், இளநீருக்கு விலை சொல்வது பொள்ளாச்சிப் பக்கம்.

பெயருக்கு எவ்வளவு எடை என்று 2022-இல் சோதித்தே பார்த்தார்கள். ஒரே கட்டுரை, எழுதியவர் இருவர்: நோபல் பெற்ற வெர்னான் ஸ்மித்தும் அதிகம் அறியப்படாத ஓர் இளம் ஆய்வாளரும். இளையவர் பெயர் மட்டும் தெரிந்தபோது 65 சதவீத மதிப்பீட்டாளர்கள் ‘வேண்டாம்’ என்றார்கள், பெயரே இல்லாதபோது 48, ஸ்மித் பெயர் தெரிந்தபோது வெறும் 23. கட்டுரையில் ஒரு வரிகூட மாறவில்லை!

பழைய கார் சந்தையைப் பற்றிப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரையை மூன்று இதழ்கள் தள்ளின, அதற்கே பின்னால் நோபல் கிடைத்தது என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எழுதியவர், உங்கள் மகள் கொழிஞ்சாம்பாறையில்.

அவளுக்கு நான் காட்டுவது திருவனந்தபுரம். பொருளியலாளர் கே.என். ராஜ் அங்கே தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் ஐ.நா.வுக்காகக் கேரளத்தின் வறுமையைப் பற்றி ஓர் ஆய்வு செய்தது. 1975-இல் அறிக்கையாக வந்தது, அந்த ஐந்து இதழ் எதிலும் அல்ல. வருமானம் குறைவாக இருந்தும் கல்வியிலும் உடல்நலத்திலும் முன்னேறிய வழியை ‘கேரள மாதிரி’ என்று உலகம் பேச ஆரம்பித்தது அதை வைத்துத்தான். கள் கூலிக் கட்டுரையை மும்பை எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லிக்கு அனுப்பட்டும். அதைப் படிப்பவர்களுக்குச் சித்தூர் எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: எழுதியவர் பெயரை மதிப்பீட்டாளருக்குக் காட்டாமல் மறைத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: மறைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ 2011-இல் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டது. தலைப்பைக் கூகுளில் போட்டால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடுகிறதே, அப்புறம் எதை மறைப்பது?

கேள்வி: பெயரின் முதல் எழுத்துக்கும் வேலைக்கும் சம்பந்தம் உண்டாமே?
– ஒரு மாணவர், கோவிந்தாபுரம்

பதில்: சிரிக்காதீர்கள், உண்டு. பொருளியலில் கூட்டாக எழுதினால் குடும்பப் பெயரின் அகரவரிசையில்தான் பெரும்பாலும் போடுவார்கள். அமெரிக்காவின் முதல் பத்துப் பொருளியல் துறைகளில், வரிசையில் முன்னால் வரும் பெயர்க்காரர்களுக்கு வேலை நிரந்தரமாகும் வாய்ப்பு கூடுதல் என்று 2006-இல் இருவர் கணக்கெடுத்து எழுதினார்கள். நமக்கோ பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. ஆறுமுகம் பெற்ற பிள்ளைக்கு யோகம். என் அப்பா பெயர் வெள்ளியங்கிரி. நல்லவேளை, நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன்.